குதிகாலால் தட்டிப் பார்ப்பவர்

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் ஈனோக் டிரைஸ்டேல் முதலில் குதிகாலால் தரையை ஓங்கித் தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். அதற்கப்புறம்தான் தொப்பியைக் கழற்றி வீட்டு அம்மாளுக்கு வணக்கம் சொல்வார். இதனாலேயே அவரை விருந்துக்குக் கூப்பிடாத வீடுகள் நியூயார்க்கில் உண்டு. அவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

குதிரை லாயம் கட்டித் தொழிலைத் தொடங்கியவர். பிறகு கடலோரத்து ஓட்டல்கள், ரயிலடி ஓட்டல்கள். இப்போது ஐம்பதைத் தாண்டியபின், நகரின் பெரிய பூங்காவுக்கு மேற்கே ஆடு மேய்கிற பொட்டலில் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றை எழுப்புகிறார். ஒரே கூரைக்குக் கீழே முப்பது குடும்பங்கள். ஊர் சிரிக்கிறது. கௌரவமான மனிதர்கள் கோழிகளைப் போல அடுக்கடுக்காக வாழ்வார்களா என்று ஒரு வங்கிக்காரர் என் முன்னாலேயே கேட்டார்.

"தலைக்கு மேல ஒரு ஆள் நடக்கிறதா உங்க கஷ்டம்? இல்ல, அந்த ஆளு உங்களவிட வசதி கம்மிங்கிறதா?" என்றார் டிரைஸ்டேல். வங்கிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டுக்கு நானும் முன்பணம் கட்டியிருக்கிறேன். போன குளிர்காலத்தில் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஓட்டல் எரிந்து, வேலைக்காரப் பெண்கள் இருவர் செத்தார்கள். அது இவர் வரைபடம் போட்டுக் கட்டிய ஓட்டல். செலவுக்குப் பயந்து மரத்தளமே போதும் என்றார் முதலாளி, இவரும் சம்மதித்தார். முதலாளி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

"வரைபடத்துல இருக்கிற கையெழுத்து என்னோடது. யார் மேலயும் பழி போடமாட்டேன். கட்டுறத நிறுத்தவும் மாட்டேன்" என்கிறார் இவர். அடியில் மரமா கல்லா என்று தரையைத் தட்டிக் கேட்கும் பழக்கம் அதன்பிறகு வந்ததுதான்.

புதுக் கட்டடத்துக்கு இரும்பு உத்திரமும் செங்கல் வளைவும்தான், மரமே இல்லை என்று சொல்லிப் பார்த்தார். யார் நம்புவது? பணம் கட்டியவர்கள் ஒவ்வொருவராக விலகத் தொடங்கினோம். எங்களுக்குத் தலைமை விதவை ஹால்ஸ்டெட் அம்மாள். எல்லோரும் போய்விட்டால் கட்டடம் பாதியில் நின்றுவிடும், இவர் தொழிலும் அத்தோடு முடிந்தது. ஒரு சனிக்கிழமை எங்களை வரச் சொன்னார்.

நாலாம் மாடியில் ஓர் அறை நிறையப் பெட்டிப் பலகையும் வைக்கோலும். மண்ணெண்ணெய் ஊற்றித் தன் கையாலேயே கொளுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். நேர் மேலறைக்கு ஏறினார். நாற்காலியைப் போட்டு, எதிர்க்கடையிலிருந்து ஒரு தட்டு சிப்பி இறைச்சி வரவழைத்து, தொப்பிகூடக் கழற்றாமல் சாப்பிட உட்கார்ந்தார். அந்த மேலறை எனக்கு வரவேண்டியது. மற்றவர்களோடு தெருவில் நிற்க வெட்கமாக இருந்ததால் நானும் ஏறிப் போனேன்.

கீழே ஜன்னல் கண்ணாடி வெடித்தது. புகை வெளிச்சுவரோடு மேலே ஏறிற்று. ஹால்ஸ்டெட் அம்மாள் மூச்சு வாங்க வந்து, அறை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"இவ்வளவு தடிச்ச பூட்ஸ் போட்டுக்கிட்டு உட்கார்ந்தா யாருக்குத்தான் சுடும், மிஸ்டர் டிரைஸ்டேல்? எங்களக் குழந்தைங்கன்னு நெனச்சீங்களா?"

டிரைஸ்டேல் வாயிலிருந்த சிப்பியை விழுங்கினார். குனிந்து பூட்ஸைக் கழற்றினார், பிறகு காலுறைகளையும். எழுந்து நின்று, வெறும் குதிகாலால் தரையை ஓங்கித் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். அதற்கப்புறம்தான் தொப்பியைக் கழற்றினார்.

"வணக்கம்மா. உள்ள வாங்க."