ஏழாம் கேள்வி

எதிரில் இருப்பவர் சொன்னதை உடனே எழுதிவிட மாட்டாள் காவேரி. பேனாவால் நெற்றியைத் தட்டிக்கொண்டு ஒருமுறை திருப்பிச் சொல்லுவாள். “ஆடு மூணுங்க. அதுல ஒண்ணு நொண்டிங்க. சரிங்களா?” அவர்கள் தலையாட்டினால்தான் மை தாளில் இறங்கும். ஆராய்ச்சிப் படிவத்தில் நொண்டி ஆட்டுக்கு என்ன வேலை என்று கேட்டுப் பாருங்கள். “இருக்கறத இருக்கறபடி எழுதோணுமுங்க” என்பாள்.

இடைப்பாடித் தறிக்காரர் மகள். சென்னையில் சர்வதேச வளர்ச்சி ஆய்வில் எம்.ஃபில். படிக்கிறவள், 1986-ல் நாகலூரில் அறை எடுத்துக்கொண்டு மலைக்காரர் வீடுகளுக்கு நடையாய் நடந்தாள். உலகத்து வறுமையையெல்லாம் படிக்கிற பெண், சொந்தக் குடையை மட்டும் நாலு வீட்டில் மறந்து வைப்பாள். மழையில் நனைந்தபடியே அடுத்த வீட்டுக்குப் போய் நிற்பாள்.

ஆறு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் முடிந்தன. அட்டவணை தட்டச்சாகிப் பைக்குள் இருந்தது. அன்றைக்கே ஏற்காட்டில் தபாலில் சேர்த்தால்தான் வெள்ளிக்கிழமை தேர்வுக் கமிட்டிக்குப் போய்ச் சேரும். சேர்ந்தால் ஹாலந்தில் பத்து மாதப் பயிற்சி. “தவறினா இந்த வருஷம் உன் பேரை அனுப்ப முடியாதும்மா” என்று வழிகாட்டி ஸ்தனிஸ்லாஸ் எழுதியிருந்தார். அந்தப் பத்து மாதத்துக்காக அவள் அக்காவின் கல்யாணத்துக்குக்கூட ஒரே நாள்தான் போய்வந்தாள்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. விட்டுப்போன ஒரே வீடு அத்தாயிக் கிழவியுடையது. சரி, அதையும் முடித்துவிடலாம் என்று நுழைந்தாள். ஏழாம் கேள்வி, நிலம் எவ்வளவு?

“பள்ளத்துல நாலு வள்ளம், மேட்டுல நாலு வள்ளம் கண்ணு.”

வள்ளம் என்பது தானியம் அளக்கிற பாத்திரம். ஒரு வள்ளம் விதை பிடிக்கிற நிலம் ஒரு வள்ள நிலம். வள்ளத்துக்கு முக்கால் ஏக்கர் என்று காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் லூர்துராஜ் முதல் நாளே கணக்குச் சொல்லியிருந்தார். அதை வைத்துத்தான் நூற்றுப் பன்னிரண்டு வீட்டு நிலத்தையும் ஏக்கராக்கியிருந்தாள்.

இங்கே இரண்டு நிலமும் கண்ணெதிரே கிடந்தன. பள்ளத்து வயலை ஐம்பதே தப்படியில் கடந்தாள். மேட்டுக்காட்டில் எண்ணிக்கொண்டே போனாள், நூற்றைம்பதும் தாண்டியது.

“ரெண்டும் நாலு வள்ளமுங்களா?”

“கீழ நெல்லு, மேல ராகி. நெல்லு நெருக்கி வெதைக்கோணும், ராகி ஒரு வள்ளம் நொம்ப தூரம் போகுமே. எந்த வெதைன்னு நீ யாரயும் கேக்கலியா சாமி?”

கேட்கவே இல்லை! ரைட்டர் சொன்னது ராகிக் கணக்கு. கையகல நெல்வயலை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களையெல்லாம் அவளுடைய அட்டவணை வசதிக்காரர்களாக்கியிருந்தது. அட்டவணையில் இந்தத் தப்பிருப்பது இந்த மலையில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஹாலந்துக்காரர்கள் வந்து தப்படி வைத்து அளந்து பார்க்கப்போகிறார்களா என்ன? அப்படித்தான் அவளும் ஒரு நிமிஷம் நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரோட்டில் ஹாரன் கேட்டது. கண்டக்டர் பொன்னுவேல் படியில் தொங்கியபடி கூவினார். “ஏனுங்க, தபால் போகோணும்னீங்களே! ஏறலீங்களா?”

காவேரி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நீங்க போங்க என்று பஸ்ஸுக்குக் கையை வீசிக் காட்டிவிட்டு, ஆறு மாதத்துக்கு முன் முதல் படிவம் எழுதிய சின்னையன் வீட்டுப் படலைத் தள்ளினாள்.