சாவிக் கொத்தும் சிலுவைப் போரும்

எங்கள் கோயிலில் புதுக் குருக்கள் பொறுப்பேற்ற காலையில்தான் அது எனக்குப் பளிச்சென்று பட்டது. பழைய குருக்கள் ஓரமாகக் கைகட்டி நிற்க, கமிட்டித் தலைவர் வெற்றிலைத் தட்டில் கருவறைச் சாவிக் கொத்தை வைத்துப் புதியவரிடம் நீட்டினார்.

"பூச பண்ணவரு கையால கொடுக்காம இவரு எதுக்குக் கொடுக்குறாரு?" என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார்.

"கோபுரத்துக்குப் பெயின்ட் அடிச்சுக் கொடுத்தது யாரு? அவருதான் கொடுப்பாரு!"

நான் வாய்விட்டே "அட!" என்றேன். மூன்று வாரமாக என்னைப் படுத்திய பாடம் அது. ஐரோப்பாவில் ஆயருக்கு மோதிரமும் கோலும் அரசன் கொடுப்பதா, திருச்சபை கொடுப்பதா என்று போப்பும் மன்னர்களும் ஏன் அப்படி மோதிக்கொண்டார்கள்? ஒரு மோதிரத்துக்கா என்று சிரித்திருக்கிறேன். மோதிரம் இல்லை, கொடுக்கும் கை!

வெளிநாட்டு வாரியம் ஒன்றின் வரலாற்றுத் தேர்வுக்கு நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து படிக்கிறோம். சனிக்கிழமைதோறும் நகரின் மறுகோடியில் உள்ள தின்கன்ஜூனில், கிறிஸ்தவத் தோழியின் வீட்டில். யாருக்குப் பாடம் புரிகிறதோ அவள்தான் அன்றைக்கு 'சயாமா', பர்மியப் பேச்சில் டீச்சர். அன்று மதியமே பஸ் பிடித்து ஓடினேன்.

சாவிக் கதையில் தொடங்கினேன். பதவிகளைக் காசுக்கு விற்ற ஆயர்களைச் சொன்னேன். உள்ளே அழுக்கு சேர்ந்துவிட்டது, கழுவ வேண்டும் என்று கிளம்பிய துறவிகளைச் சொன்னேன். அவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம் வந்திருந்தது.

"எங்க ஃபாதர் கேட்டா இன்னைக்கே உனக்கு ஞானஸ்நானம் கொடுத்துடுவாரு," என்றாள் அந்த வீட்டுத் தோழி.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சீர்திருத்தம் போப்பின் குரலுக்குப் பலம் கொடுத்தது. அதே குரல்தான் எருசலேமை மீட்கப் போருக்கும் அழைத்தது, போனால் பாவத்துக்குப் பரிகாரம் என்றது. சொல்லச் சொல்ல எனக்கு வேகம் ஏறியது. டீ கப்புகள் கப்பலாயின. பிஸ்கட் டப்பா எருசலேம். கரண்டியால் மூடியைத் தட்டினேன். "டமால்! மதில் போச்சு! உள்ள புகுந்துட்டாங்க!"

மூன்றாமவள் முஸ்லிம். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சுக்காரி. "உள்ள இருந்தவங்க என்னடி ஆனாங்க?" என்று கேட்டாள்.

"அது விளைவுகள்ல வரும். அடுத்த பக்கம்."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். "வாப்பா கடையில தனியா இருக்காரு."

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அவள் இல்லாத பெஞ்சில் நான் உட்கார்ந்ததே கிடையாது.

என் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். காரணங்கள் ஆறு பக்கம். விளைவுகள் அரைப் பக்கம், அதிலும் பாதி வியாபாரம். நகரத்துக்குள் கொல்லப்பட்ட முஸ்லிம்களும் யூதர்களும் ஒரே வரியில் அடங்கிவிட்டிருந்தார்கள். ஊரில் முஸ்லிம்களைப் பற்றி ஏதாவது வதந்தி கிளம்பினால் அவள் வாப்பா கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது தெரியும். தெரிந்தும்தான் மூடியைத் தட்டினேன்.

நேற்றுக் கடைக்குப் போனேன். அவள் மூக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சயாமா. கோட்டைய புடிச்சாச்சா?"

"தப்பு என்மேலதான்டி."

"டப்பாவ எத்தன தடவ அடிச்ச, ஞாபகம் இருக்கா?"

"மூணு."

"நாலு. நான் எண்ணிக்கிட்டிருந்தேன்." கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "சாவிக் கத நல்லாத்தான் இருந்துச்சு. மத்தத நீ எப்படி சொல்லப்போறன்னு முதல்ல எழுதிக் காட்டு. அப்புறம் வர்றதா வேணாமான்னு பாக்குறேன்."

இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை போப்பிடமிருந்து தொடங்கப்போவதில்லை. மதிலுக்கு வெளியே புழுதி கிளம்புவதைப் பார்த்துவிட்டு, கடைப் பலகையைப் பாதி சாத்தும் எருசலேம் வியாபாரி ஒருவரிடமிருந்து தொடங்கிப் பார்க்கப்போகிறேன். துறவிகள்மேல் உள்ள பிரியத்தையும் விடாமல் அவரிடமிருந்து அவர்களிடம் போக முடியுமா, தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கமாவது அவளிடம் காட்ட வேண்டும்.