பென்சில் இறங்கும் இடம்

காலையில் வந்ததும் என் நாத்தனாரின் கைகள் மரக்கட்டைகளைத் துடைக்கத் தொடங்கிவிடும். சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் அடித்த சின்னக் கட்டைகள். முந்தைய நாள் வந்த பிள்ளைகளில் ஒன்று கடித்துப் பார்த்திருக்கும், இன்னொன்று பிஸ்கட் தூளை ஒட்டவைத்திருக்கும். ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து, சிவப்புப் பக்கம் மேலே இருக்கும்படி பெட்டியில் அடுக்குவாள். ஒரு கட்டை புரண்டிருந்தாலும் மூடி போட மாட்டாள்.

"கட்டைக்கு ஜுரம் வந்தா நெத்திய தொட்டுப் பாப்ப போலிருக்கே."

"எங்க அண்ணன் அலமாரியா இது, எப்படியோ கெடக்கட்டும்னு விட?"

கணவனின் தங்கையிடம் வாய் கொடுத்து ஜெயித்த அண்ணி யாரும் இல்லை. நான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுத்து வைக்கப் போய்விடுவேன்.

மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளின் புத்தியை, புழக்கத்தில் இருக்கும் சோதனைகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்பது அங்கே நடந்த ஆராய்ச்சி. அதை நடத்திய பேராசிரியையை நாங்கள் மேடம் என்போம். சோதனை வைப்பது நாத்தனார். நான் பிள்ளைப் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள். அழுகிறதைச் சமாதானப்படுத்துவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, வலிப்பு வந்தால் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

சோதனை வைப்பவர் முகத்தில் சரி, தப்பு எதுவும் தெரியக் கூடாது. இந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவர்கள். புருவம் அசைந்தால் பதிலை மாற்றிவிடுவார்கள். நாத்தனார் இதற்காகக் கண்ணாடி முன் நின்று பழகினாள். என் மகள் எதிரே நின்று கோணங்கித்தனம் செய்வாள், குரங்கு மாதிரி சொறிவாள். இவள் உதடு அசையாது. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குக் கல்லு அத்தை என்று பேர். அந்தப் பேரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். கல்யாணம், குடும்பம் என்று எதிலும் சிக்காமல், இந்த வேலையை மட்டும் கட்டிக்கொண்டவள். அதைக் குறையாகப் பேச வந்தவர்களிடமும் அதே முகத்தைக் காட்டி அனுப்பிவிடுவாள்.

வாலு என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு பெண் வந்தாள். எட்டு வயது, ஒரு வரி படிக்க ஒரு யுகம் ஆகும். அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். தெருமுனையில் இருந்த சாதாரணப் பள்ளி, எங்கள் சோதனையில் இவ்வளவு மதிப்பெண்ணாவது இருந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லியிருந்தது. இல்லாவிட்டால் ஊரின் மறுகோடியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருக்கும் தனிப்பள்ளி. கொண்டுபோய் விட ஆள் கிடையாது, பிள்ளை வீட்டோடுதான் கிடக்கும். வாலு கட்டை அடுக்குவதில் சுமார், எண்ணில் திண்டாட்டம். ஆனால் படம் தொடும் பகுதியில் வெளுத்து வாங்கினாள். நாத்தனார் ஒரு சொல் சொல்வாள், நான்கு படங்களில் பொருத்தமானதைத் தொட வேண்டும். தொட்டதை அவள் பென்சிலால் தாளில் குறித்துக்கொள்வாள். கஷ்டமான சொற்களுக்குக்கூடத் தப்பாமல் தொட்டாள். அந்தப் பகுதியின் தயவில் மொத்த மதிப்பெண் பள்ளி போட்ட கோட்டைத் தாண்டியது. அறிக்கை தட்டச்சாகி, மறுநாள் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவுக்காகக் காத்திருந்தவளுக்குப் பால் கொடுத்தேன்.

"எல்லாம் சரியா தொட்டுட்டேன் பெரியம்மா."

"சரின்னு உனக்கு யாருடி சொன்னது? அக்காதான் வாயத் தொறக்க மாட்டாளே."

"அக்கா சொல்லாது. பென்சில் சொல்லும்." பால் மீசையோடு விளக்கினாள். "வெரல மெதுவா ஒவ்வொரு படத்து மேலயும் கொண்டுபோவேன். பென்சில் கீழ எறங்குச்சுன்னா அங்கயே நிறுத்திருவேன். எங்க பழைய டீச்சர்னா மூஞ்சியே போதும். இந்த அக்கா மூஞ்சி எதுக்கும் ஆகாது."

அம்மா வந்து அவளை அழைத்துப் போனதும் நாத்தனாரிடம் சொன்னேன்.

"என் மூஞ்சிலயா?" என்றாள் எடுத்ததும்.

"மூஞ்சில இல்லம்மா, கைல."

நம்பவில்லை. என்னைப் பிள்ளையாக உட்காரவைத்துப் படப்புத்தகத்தை விரித்தாள். நான் விரலை நகர்த்தினேன். தப்பான படத்தில் நின்றபோது, பிள்ளை மனசு மாறட்டும் என்று பென்சிலைத் தூக்கியபடியே காத்திருந்தாள். சரியான படத்துக்கு வந்ததும் பென்சில் தன்பாட்டுக்குத் தாளில் இறங்கியது. அவளுக்கே தெரியாமல் வந்த பழக்கம். சூடு பட்டதுபோல் பென்சிலைக் கீழே போட்டாள்.

"பேசாம இருந்துட்டா அவ ஸ்கூல்ல சேந்துடுவா அண்ணி."

"சேந்துடுவா. அங்க டீச்சர் பென்சில கீழ வெச்சுட்டுப் பாடம் நடத்துற அன்னிக்கு முழிப்பா. எல்லாம் தெரிஞ்ச பிள்ளைதானே, திமிருல சொல்ல மாட்டேங்குதுன்னு அடி விழும்."

அவள் மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் கத்தவில்லை. வேறு படத்தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதைக் காலையில் வைக்கலாம், பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து தானே குறித்துக்கொள்வதாகச் சொன்னார். இதுவரை வந்த மற்றப் பிள்ளைகளையும் திரும்ப அழைக்க வேண்டும் என்றார். "நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் செருப்பை மாட்டினாள். நானும் கிளம்பினேன்.

சலவைக்கடையில் வாலுவின் அம்மா ஒரு சட்டைக் காலரை அழுத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"என் பொண்ணு காப்பியடிச்சான்றீங்களா?"

"இல்லம்மா. நான்தான் காட்டிக்கொடுத்தேன். தப்பு என் கைல."

"இப்ப மார்க்கு கொறையுமா?"

"கொறையலாம்."

"கொறைஞ்சா அவங்க சேக்க மாட்டாங்க. அப்புறம் இங்க என்கூட நின்னு துணி மடிக்க வேண்டியதுதான். எதுக்குங்க வந்து சொல்றீங்க? கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

நாத்தனாரின் முகம் அன்று கல்லாக இல்லை. "பொய்யான தாளோட அனுப்புனா, அவளுக்கு எங்க உதவி வேணும்னே அங்க யாருக்கும் தெரியாது. கொறைஞ்சாலும் நானே உங்களோட வரேன். அந்த ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நான் பேசறேன்."

அம்மா சட்டையைத் திருப்பிப் போட்டார்.

"நான் எப்பக் கோவமா இருக்கேன்னு எனக்கு முன்னாடி அதுக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "காலைல கூட்டிட்டு வரேன். பேசறேன்னு சொன்னத மறந்துடாதீங்க."

மறுநாள் காலை மேடம் பரீட்சை அட்டையோடு வாலுவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். நாத்தனார் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். முதல் சொல்லைச் சொன்னாள். வாலு விரலை நகர்த்திப் பார்த்தாள். மேசைக்கு அடியில் குனிந்து தேடினாள்.

"அக்கா, பென்சில் எங்க?"

"இன்னிக்கு லீவு."

"அப்ப நானே கண்டுபிடிக்கணுமா?"

"ஆமா."

பெருமூச்சு விட்டாள். பிறகு அன்றுதான் முதல்தடவையாகப் படங்களை உற்றுப் பார்த்தாள். சில சொற்களுக்குத் தொட்டாள், சிலவற்றுக்குத் தெரியாது என்றாள்.

மதிப்பெண் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. மேடம் கையெழுத்துப் போட்டதும் நாத்தனார், நான், வாலு, அவள் அம்மா நான்கு பேரும் பள்ளிக்கு நடந்தோம். நாத்தனார் தலைமையாசிரியையிடம் முதல் மதிப்பெண், இரண்டாவது மதிப்பெண், தன் பென்சில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"கோட்டுக்குக் கீழதானே இருக்கு?" என்றார் அவர்.

"கீழதான். சொல்லிக்குடுத்தா புரியுது, எழுத்துதான் நிக்க மாட்டேங்குது. வாரத்துல ரெண்டு சாயங்காலம் நான் வந்து உக்காந்து சொல்லிக்குடுக்கறேன்."

அவர் வாலுவைப் பார்த்தார். வாலு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி வருவதற்கு முன்பே தலையை ஆட்டினாள்.

"ஒரு பருவம் இங்க வந்து படிக்கட்டும். அப்புறம் பாப்போம்" என்றார் தலைமையாசிரியை.

"யூனிஃபார்ம் சட்டை என்ன கலருங்க?" என்று அம்மா கேட்டார். நீலம் என்றார்கள். திரும்பும் வழியில் துணிக்கடைக்குப் போய் இரண்டு சட்டைக்குத் துணி வெட்டச் சொன்னோம். வளர்கிற பிள்ளை என்று நான் ஒரு சாண் கூடுதலாக வெட்டவைத்தேன்.