நான் படித்துக் காட்டாத வாக்கியம்

உறுதிசெய்துகொண்ட செய்திகளை மட்டுமே இங்கு எழுதுகிறேன். நல்லெண்ணத்தோடு ஒன்றைக் குறைத்துச் சொன்னால் என்ன நேரும் என்பதை நான் என் அக்காவின் உடம்பில் கற்றேன்.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். ஆந்திர எல்லையில் எங்கள் ஊரான பாலசமுத்திரத்திலிருந்து, சித்தூரில் பேருந்து மாறி, திருப்பதிக்கு நான்தான் அழைத்துச் செல்வேன். கணினி வேலைக்காகப் பெங்களூர் போன அவள் மகன் அங்கிருந்து அமெரிக்கா போய்விட்டான். அவன் குரல் மட்டும் தொலைபேசியில் வரும். மருத்துவமனையில் அப்போது ஓர் ஆய்வு நடந்தது. கட்டியில் போய்ச் சேரும்படி மருந்தை நுண்துகள்களில் ஏற்றிச் செலுத்தும் முறை. "சேந்துடும்மா, புது டெக்னாலஜி" என்றான் மகன்.

ஒப்புதல் படிவம் தெலுங்கில் இருந்தது. அக்காவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. விளக்கிச் சொல்ல ஆள் அனுப்புவதாகச் செவிலி சொன்னார். வேண்டாம், நான் தமிழாசிரியன், நானே சொல்கிறேன் என்றேன். பாதிப் பேருக்குப் புதிய மருந்து, பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து, யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகும், நோயாளிக்கோ மருத்துவருக்கோ தெரியாது என்று ஒரு வாக்கியம் இருந்தது. கேட்டால் எழுந்துபோய்விடுவாள் என்று அஞ்சி அதைத் தாண்டினேன். செய்யுளில் ஓர் அடி விட்ட மாணவனை முதலிலிருந்து ஒப்பிக்கவைத்தவன் நான்.

"ஒடம்புல வேற எங்கியும் போவாதாடா?"

"கட்டிக்குத்தான்க்கா போவும்."

"அப்ப உங்க மாமாவ விட இது மேலு. சித்தூர்ல எறங்குன்னா புத்தலப்பட்டு வரைக்கும் தூங்கிகினே போற மனுசன்."

சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாள்.

மருந்துப் புட்டியை உறையிட்டு மறைத்தே ஏற்றினார்கள். இரண்டாம் முறை ஏற்றிய அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். உடம்பு கொதித்தது.

"எப்போலேர்ந்துக்கா?"

"மூணு நாளா. அது கட்டிக்குத்தான போவுதுன்ன? இது வேற காய்ச்சல்னு கெடந்தேன். மருந்து மேல பழிய போட்டா நிறுத்திடுவாங்கடா."

காய்ச்சல் கண்டால் அன்றே வரவேண்டும் என்ற வரியையும் படித்துக் காட்டியிருந்தேன். அதைவிட என் பொய்யைத்தான் அவள் நம்பினாள். மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்து, கிருமி இரத்தத்தில் பரவியிருந்தது. திருப்பதியில் நான்காம் நாள் இறந்தாள்.

நுண்துகளில் ஏற்றிய மருந்திலும் பெரும்பகுதி கட்டியை அடைவதில்லை, கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகிறது என்று பின்னர் படித்தேன். நான் அவளுக்கு வாக்களித்த மருந்து எந்தப் புட்டியிலும் இருந்திருக்க முடியாது.

மகன் தொலைபேசியில், "புது மருந்துதான மாமா குடுத்தாங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அவளுக்கு ஏற்றியது எந்த மருந்து என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களா என்பதும் தெரியாது, நான் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தைப் படித்திருந்தால் அவள் கையெழுத்திட்டிருப்பாளா என்பதும் தெரியாது.