கிரேன் தடுமாறிய படி

பார்சல் கிடங்கில் அவரை எல்லோரும் ‘கிரேன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு. இரண்டு பேர் பிடிக்க வேண்டிய பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கி லாரியில் ஏற்றிவிடுவார். இருபது வருடத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வருடம் மூன்று பேர் அடுத்தடுத்து முதுகு பிடித்துப் படுத்துவிடவே, நிர்வாகம் ஒரு பிசியோதெரபிஸ்டை வரவழைத்தது. ஒல்லியான பெண். எடை எதையும் தூக்கச் சொல்லவில்லை. ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலை மெல்லக் கீழே இறக்கித் தரையைத் தொடச் சொன்னாள். அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று முணுமுணுத்தபடி ஏறினார் கிரேன். வலது காலில் நின்று இறங்கியது சுத்தமாக இருந்தது. இடது காலில் நின்றபோது முட்டி உள்பக்கம் சாய்ந்தது, இடுப்பு சரிந்தது, கைகள் காற்றைத் துழாவின. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் செத்துப்போயிற்று.

“எனக்கு எங்கயும் வலியே இல்லம்மா,” என்றார்.

“வலி வந்தா நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்கண்ணே, அதுக்கு நான் எதுக்கு? வர்றதுக்கு முன்னாடி உடம்பு எங்க ஏமாத்துதுன்னு பாக்கத்தான் வந்திருக்கேன்.”

அவர் பெட்டி தூக்குவதை போனில் படம் பிடித்தாள். துருவித் துருவிக் கேட்டு, ஏழு வருடத்துக்கு முன் இடது கணுக்கால் பிசகிய கதையை வெளியே இழுத்தாள். வீக்கம் வடிந்ததும் அவர் அதை மறந்துவிட்டார், கணுக்கால் மறக்கவில்லை. அது முழுதாக மடங்காததால், ஒவ்வொரு முறை குனியும்போதும் முட்டியும் முதுகும் அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தன. பலத்துக்குக் குறைவில்லை, அது போகிற வழிதான் கோணல்.

அவள் அனுப்பிய வீடியோவை வீட்டில் மனைவியிடம் காட்டினார். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவளோ அவருடைய செருப்புகளை எடுத்துவந்து கவிழ்த்துக் காட்டினாள். இடது செருப்பில் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கிடந்தது.

“கோணலா நடக்கிறீங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்? படம் புடிச்சுக் காட்டினாத்தான் ஏறுது.”

பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சிகள் மூன்று: சுவரில் கை ஊன்றிக் கணுக்காலை மடக்குவது, அதே படியில் ஏறி இறங்குவது, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிவது. முதல் வாரம் ஏனோதானோவென்று செய்தார். பிறகு ரோஷம் வந்துவிட்டது. பல் தேய்க்கும்போதுகூட ஒற்றைக்காலில் நின்றார். மகள் கொக்கு என்று பெயர் வைத்தாள். கிடங்கில் கனமான பெட்டிகள் தரையிலிருந்து இடுப்பு உயரத் தட்டுக்கு மாறின. இரண்டு பேர் தூக்க வேண்டியதை இரண்டு பேரே தூக்கினார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளத்தான் அவருக்கு அதிக நாள் பிடித்தது.

மூன்றாம் மாதச் சோதனையில் இடது முட்டி நேராக நின்றது. அதற்குச் சில நாள் கழித்து, மழை ஈரத்தில் லாரியின் சாய்பலகையில் பெட்டியோடு ஏறும்போது கால் வழுக்கியது. உடம்பு ஒரு குலுங்கு குலுங்கித் தானாக நிலைக்கு வந்தது. பயிற்சியால்தான் தப்பித்தேனா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டார்.

“அடிச்சுச் சொல்ல முடியாதுண்ணே. ஆனா பழைய முட்டியோட உங்கள அந்தப் பலகையில ஏற விட்டிருக்க மாட்டேன்.”

அன்றே சூப்பர்வைசரிடம் போய், அடுத்த ஷிப்டுக்காரர்களையும் அவள் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை அவள் வருகிறாள். யாருக்கு முட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவள் சொல்வதற்கு முன்பே இவர் சொல்லிவிடுகிறார். பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கிறது.