மூணாவது குடும்பத்தோட முகவரி

எங்க அண்ணி இருக்காங்களே, யாரும் பசியோட நின்னா அவங்களுக்குத் தாங்காது. சிலிண்டர் தூக்கிட்டு வர்றவர், மீட்டர் பார்க்க வர்றவர், வீடு மாறிக் கதவைத் தட்டினவர், எல்லாருக்கும் முதல் கேள்வி "சாப்பிட்டீங்களா?"தான். அப்படிப்பட்டவங்களுக்கு வாய்ச்ச உத்தியோகம் என்ன தெரியுமா? பட்டினி போடுறது!

ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்துல அமீபா வளர்க்கிறாங்க. கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணியில கழுவிப் போட்டுக்கிறவங்க கண்ணுல புகுந்து, பார்வைக்கே உலை வைக்கிற ரகம் அது. தீனி கிடைக்கலைன்னா தன்னைச் சுத்தி ரெட்டைச் சுவர்ல ஒரு கூடு எழுப்பிக்கிட்டு உள்ளே சுருண்டுக்கும். அப்புறம் எந்த மருந்துக்கும் அசையாது. அந்தச் சுவர்ல என்னென்ன புரதம் இருக்குன்னு பார்க்கத்தான் பட்டினி.

மொத்தம் மூணு புரதக் குடும்பமாம். பேரெல்லாம் வாயில நுழையலைன்னு அண்ணி எங்க வீட்டு ஆளுங்களையே அதுல குடியேத்திட்டாங்க. வெளிச்சுவர்ல நின்னு போறவங்க வர்றவங்களை முறைக்கிறது மாமியார். உள்சுவர்ல சத்தமில்லாம கிடக்கிறது மாமனார். மூணாவது நாத்தனார், அதாவது நான். எங்கே இருக்குன்னே தெரியலையாம்.

"நான் என்ன காணாமப் போனவளா அண்ணி?" எனக்கு வந்ததே கோபம்!

"நீ எங்கயாவது போன் பேசிட்டு நிப்படி. தேடிப் பிடிக்கணும்."

வெள்ளிக்கிழமைக்குள்ள அதைத் தேடிப் பிடிக்கலைன்னா ஆராய்ச்சியையே நிறுத்திடுவாங்க. அண்ணி பழையபடி ரத்தம் எடுக்கிற கவுண்டருக்கே போகணும். அங்கே இருந்தப்போ வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்க மாட்டாங்க. அமீபா வந்தப்புறம்தான் இந்தப் பேச்சு, இந்தச் சிரிப்பு, குளிக்கிறப்போ பாட்டு எல்லாம். எனக்கு இந்த அண்ணிதான் வேணும்.

வியாழக்கிழமை வீட்டுச் சாவியை மறந்துட்டுப் போயிட்டாங்க. வாரத்துல பாதி நாள் இதே கூத்துதான். பெல் அடிப்பாங்க, நான் திட்டிக்கிட்டே திறப்பேன். அன்னிக்கு எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால சாவியோட ஆராய்ச்சிக்கூடத்துக்கே போனேன். போய்ப் பார்த்தா அண்ணி தலையில கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

"குடி முழுகிப் போச்சுடி. நேத்து கிளம்புற அவசரத்துல, பழக்கதோஷம், பட்டினித் தட்டுல தீனியை ஊத்திட்டேன். இருந்ததே அந்த ஒரு தட்டுதான்."

நல்லா வாயில வந்துச்சு. முழுங்கிக்கிட்டேன். "சரி, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க. என் பேரை வெச்சிருக்கிறவ மூஞ்சியையாவது பார்க்கிறேன்."

மைக்ராஸ்கோப் திரையில உருண்டை உருண்டையா கூடுங்க. நாத்தனார் புரதம் பச்சையா ஒளிரும்படி ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. ஆனா சுவர் முழுக்கப் பச்சையா இல்லாம, கூட்டுக்கு ரெண்டு மூணு புள்ளிதான் தெரிஞ்சுது. "அதெல்லாம் அழுக்குடி"ன்னாங்க அண்ணி. இத்தனை நாளா கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்திருக்காங்க, பாவம்.

அப்போ ஒரு கூடு லேசா ஆடுச்சு. தீனி வந்தது உள்ளே இருந்தவனுக்குத் தெரிஞ்சு போச்சு! மெதுவா பிதுங்கிக்கிட்டு வெளியே வர்றான். எங்கேயிருந்து? பச்சைப் புள்ளி இருந்த இடத்துலேருந்து! பக்கத்துக் கூட்டைப் பார்த்தா அங்கேயும் அதே கதை.

அண்ணி என் தோளைப் பிடிச்ச பிடியில எலும்பு நொறுங்கியிருக்கும். "அழுக்கு இல்லைடி! மூடிடி அது! கதவு! நாத்தனார் கதவுல உட்கார்ந்திருக்காடி!"

ரெண்டு பேரும் குதிச்ச குதியில, ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு?"

"சோறு போட்டுட்டேன் சார்!"ன்னு அண்ணி அழுதுக்கிட்டே சிரிக்கிறாங்க.

அவர் திரையைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கதவே கிடைச்சிருக்கு. இனிமே யாரும்மா இதை நிறுத்துவா?"ன்னார். எனக்குக் காலே தரையில பாவலை.

சாயங்காலம் பெல் அடிச்சுது. அண்ணிதான். நான் மெனக்கெட்டுக் கொண்டுபோய்க் கொடுத்த சாவியை அங்கேயே விட்டுட்டு வந்திருக்காங்க! திட்டலாம்னு வாயைத் திறந்தேன். அவங்க கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்ன என்னையே பார்த்தாங்க. கண்ணு தளும்புச்சு.

"வருஷக்கணக்கா தேடினேன் பாரு. தினமும் நீ நிக்கிற இடம்தானேடி."

நான் கதவை அகலமாத் திறந்துவிட்டேன். திட்டு ஒண்ணும் வரலை.

"உள்ளே வாங்க அண்ணி. சாப்பிட்டீங்களா?"