பேருந்துக்கு முன்னால் வர வேண்டிய பக்கம்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நன்றாக இருந்த ஒரு கணினி சர்வரை மூச்சு வாங்க வைத்ததுதான்.

ஞாயிறு மதியம். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு அப்பா மடிக்கணினியைத் திறந்தார். பேருந்து நிறுவனத்தின் கணினிப் பிரிவில் அவருக்கு வேலை. எந்தப் பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் இணையப் பக்கம் அவர் பொறுப்பு. அது ஆடி அசைந்துதான் திறக்கும். அலுவலகத்தில் யாரும் குறை சொன்னதில்லை. வீட்டில் அம்மா இருந்தாள்.

"பஸ் வந்து போயே போச்சு. உங்க பக்கம் இன்னும் வந்துட்டே இருக்கு."

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவள் தைக்கும் கடைக்கு எதிரேதான் நிறுத்தம். ஆனால் அங்கே உட்கார இடமில்லை. பேருந்து நெருங்கிவிட்டது என்று தெரிந்தால், கடைசி நிமிடம் வரை கடைக்குள் உட்கார்ந்திருக்கலாம். கடையில் சிக்னலோ அரை உயிர்.

அதற்கு மருந்து, பக்கத்தைச் சுருக்கி அனுப்புவது. சர்வர் சுருக்கி அனுப்பும், போன் விரித்துக்கொள்ளும். சுருக்குவதென்றால் அப்பாவுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. அலுவலகத்தில் அவர் பெயரே 'பொட்டலம்'. ஊருக்குப் போனால் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துதான் மூடுவார். போனில் பேசினால், "வந்துட்டேன். சாப்ட்டேன். வச்சிடறேன்."

அன்றும் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தார். சுருக்கும் அளவை உச்சத்தில் வைத்தார். எழுத்து, படம் என்று எதையும் விடவில்லை. பக்கம் முன்னைவிட மெதுவானது.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? போட்டோவெல்லாம் ஏற்கெனவே சுருங்கினதுதானே. அரைச்ச மாவையே அரைக்கச் சொன்னா சர்வர் என்ன பண்ணும்?"

"இன்னும் கொஞ்சம் அமுக்கினா இன்னும் நாலு சட்டை போகுமேன்னு பார்த்தேன்."

"சட்டை போகும். பூட்டு பிஞ்சிடும்."

"படிக்க வச்சது என் தப்பு," என்று அம்மாவைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்க. அவ உங்க மாதிரி."

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். அதிகம் சுருக்கினால் சர்வர் திணறும், குறைத்தால் போன் காத்திருக்கும். மகள் அளவை நடுவில் வைத்தாள், படங்களைச் சுருக்குவதிலிருந்து விலக்கினாள். பக்கம் சட்டென்று திறந்தது. பேருந்தை மட்டும் காணோம்.

அம்மா சிரித்தாள். "கல்யாண மண்டபம் தயார். மாப்பிள்ளை எங்கே?"

பேருந்து இருக்கும் இடத்தைச் சொல்வது பின்னால் இருக்கும் இன்னொரு சர்வர். அது அனுப்பும் தகவல் படமும் இல்லை, பக்கமும் இல்லை; ஜேசன் என்ற தனி வகை. அந்த வகையையும் சுருக்கச் சொல்ல அப்பா மறந்திருந்ததால், அது முழு எடையோடு மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஊரில் உள்ள படத்தையெல்லாம் அமுக்கியவர், அமுக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டார். ஒரு வரி சேர்த்தார்கள். அம்மாவின் போனில் பேருந்து வந்து நின்றது.

"வீட்டு வைஃபைல எல்லாம் பறக்கும்," என்றாள் அம்மா. "கடையில வந்து பாருங்க, தவழும்."

"நாளைக்குச் சாயங்காலம் நானே கடைக்கு வரேன். உன் போன்லயே பார்த்துடலாம். அதுவரைக்கும் நீ திறக்காத. திறந்து ஏதாவது குறை சொல்லுவ."

மறுநாள் காலை அலுவலகத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார். மாரடைப்பு. அதையும் சுருக்கமாகத்தான் முடித்தார்.

அம்மா மீண்டும் கடைக்குப் போகத் தொடங்கிய வாரம், முழங்கால் வீங்கியிருந்ததை மகள் பார்த்தாள்.

"நின்னுட்டே இருந்தியாம்மா? பக்கம் திறக்கலயா?"

"நான் எங்க திறந்தேன்?"

"ஏன்?"

"அவர்தானே வந்து பார்க்கறேன்னார்."

மகள் அப்பாவின் மடிக்கணினியில் சர்வரின் பதிவுகளைத் தினமும் பார்க்கிறாள். எல்லாருக்கும் பக்கம் சுருங்கித்தான் போகிறது, வேகமாகத்தான் போகிறது. தையல் கடைக்குப் போய், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் போனில் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். அந்த வேலையை மட்டும் அப்பா செய்யவில்லை.